ஆக்கமும் ஆய்வும்

புதியதொரு பொருளை ஆக்கினோரைப் புகழ்வது உலகத்து இயல்பு. அப்பொருளைப் பலவாறு சோதித்து, அதன் தன்மை இன்னதென நிறுவினோரை உலகம் அத்துணை நினைப்பதில்லை. பொன்னை மண்ணிலிருந்து எடுத்தாலும், அதன் மாற்றை அறிவிப்பது உரைகல்லே அன்றோ? ஆய்வு ஆக்கத்தினும் தாழ்ந்ததன்று என்பதற்குப் புளோரின் கலந்த நீர்மப் படிகப் பலபடியே தக்க சான்றாகும்.

முதலில் நீர்மப் படிகத்தைக் காண்போம். 1888-ஆம் ஆண்டில் பிராகு நகரில் இருந்த ரைனிட்சர் என்னும் தாவரவியல் அறிஞர், கொலஸ்டிரைல் பென்சோயேட்டு என்னும் பொருளைச் சூடாக்கினார். அது 145.5 பாகை சென்டிகிரேடில் உருகிக் கலங்கிய நீர்மமாயிற்று, 178.5 பாகையில் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? பிறராயின் அழுக்குக் கலந்தது என எறிந்திருப்பர். அவரோ அதனை லேமன் என்னும் இயற்பியல் அறிஞருக்கு அனுப்பினார். நீர்போல் ஓடியும் படிகம்போல் ஒழுங்குற்றும் விளங்கும் நிலை ஒன்று உண்டு என்பதை லேமன் உருப்பெருக்கியின் வாயிலாகக் கண்டார்.

அடுத்தது புளோரின் பலபடி. சிறு மூலக்கூறுகள் பூத்தொடைபோல் கோவையுற்று அமைந்த நெடுஞ்சங்கிலியே பலபடியாகும். 1938-இல் அமெரிக்காவில் பிளங்கெட்டு என்பார், புளோரின் கலந்த வாயு அடைத்த உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை, உருளையின் எடையோ குறையவில்லை. அதனை அறுத்து நோக்கியபோது வெண்பொடி காணப்பட்டது. அதுவே டெப்லான்.

இவ்விரு தன்மைகளையும் இணைக்க விழையும் வேதியியலார், நெகிழும் சங்கிலியில் கோல்போல் விறைத்த மூலக்கூறுகளைக் கிளைகளாகப் பிணைப்பர். சங்கிலியின் அசைவு கோல்களின் ஒழுங்கைக் குலைக்காவண்ணம் இடையே வளையும் இணைப்பொன்றை வைப்பர். கோலின் முனையில் புளோரின் அணுக்களைச் சேர்ப்பர். புளோரின் தாங்கிய பகுதிகள் ஏனையவற்றோடு எளிதிற் கலவாமல் தம்முள் கூடுதலின், மூலக்கூறுகள் அடுக்கடுக்காக அமையும்.

ஆக்கியதோடு பணி முடிந்ததா? இல்லை. ஒளியின் அதிர்வை ஒரு திசைக்கு அடக்கும் இரு தகடுகளைக் குறுக்காக வைத்து, அவற்றிடையே பொருளைச் சூடாக்கி நோக்குவர். ஒழுங்குற்ற நிலை நிறங்காட்டும். ஒழுங்கிழந்த நீர்மம் இருண்டு தோன்றும். ஆயினும் மூலக்கூறுகள் யாவும் பார்ப்போனை நோக்கி நிமிர்ந்து நிற்பின், ஒழுங்கிருந்தும் இருளே தோன்றும். கண்ணும் ஏமாறும் என்பதனால் எக்ஸ் கதிரைச் செலுத்தி அடுக்குகளின் இடைவெளியை அளப்பர். தாமரை இலைமேல் போன்று நீர்த்துளி ஒட்டாது திரள்கின்றதா எனவும் பார்ப்பர். ஒரு சான்றால் தீர்ப்புக் கூறாத நடுவர் போன்றவர் நல்ல ஆய்வாளர்.

இத்துணைச் சோதனையும் காலத்தை வீணாக்குவதன்றோ எனச் சிலர் வினவலாம். கரியும் புளோரினும் கொண்ட பிணைப்பு மிக வலியது. பொருளின் சிறப்பும் கேடும் அதனாலேயே விளைகின்றன. டெப்லான் ஆக்கத்திற்குத் துணையாயிருந்த பெர்புளோரோ ஆக்டனாயிக் அமிலம் எளிதிற் சிதையாமல் நீரிலும் மனிதர் குருதியிலும் சேர்ந்தது. பல ஆண்டுகள் கழிந்து, 2019-இல்தான் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதனை ஒழிக்கத்தக்க பொருள்களுள் சேர்த்தது. பயனைச் சோதித்தோர் பயன் முடிந்தபின் நேர்வதையும் முன்னரே சோதித்திருப்பின், இத்துன்பம் குறைந்திருக்கும்.

ஆதலின், நாளை ஆய்வுக்கூடம் புகும் மாணவர், தாம் ஆக்கிய பொருள் எதற்கு உதவும் என்பதோடு, எங்கே சென்று தங்கும் என்பதையும் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே ஆக்கம் நிறைவெய்தும்.