நாலுக்கு நாலு கியூப் உடைந்துபோகவில்லை

மூன்றுக்கு மூன்று கியூபைச் சேர்க்கக் கற்றுக்கொண்டவருக்கு முதல் ஒரு வாரம் ஒரு மிதப்பு இருக்கும். பஸ்ஸில், கேன்டீனில், கடைசி பெஞ்சில், எங்கே போனாலும் கையில் கியூப். யாராவது கலைத்துக் கொடுக்க மாட்டார்களா என்று எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மிதப்பு அடங்குவதற்குள் வாங்குவதுதான் நாலுக்கு நாலு. முக்கால்வாசி சேர்த்தும் விடுவார். கடைசி அடுக்கு வரும்போது ஒரே ஒரு விளிம்பு மட்டும் தலைகீழாக நிற்கும். மற்றதெல்லாம் சரி. தெரிந்த வித்தையெல்லாம் போட்டாலும் அது சரியாகாது. "எவனோ இதைக் கழற்றி மாட்டியிருக்கான்" என்று ரூம்மேட்டைச் சந்தேகப்படுவார். பிறகு கியூப் அலமாரிக்குள் போகும்.

அந்தச் சந்தேகம் முட்டாள்தனமில்லை. மூன்றுக்கு மூன்றில் ஒரே ஒரு விளிம்பு மட்டும் திரும்பி நின்றால், யாரோ துண்டைப் பிடுங்கி மாற்றி மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். திருப்பித் திருப்பி அந்த நிலைக்குக் கொண்டுவரவே முடியாது. ஒரு மூன்றுக்கு மூன்றை முழுக்கப் பிரித்து மனம்போனபடி மாட்டினால், அது சேர்க்கக்கூடியதாக அமைவதற்கு 12-ல் ஒரு வாய்ப்புதான். இது தெரிந்தவர் நாலுக்கு நாலில் அதே காட்சியைப் பார்த்ததும் கியூபைக் குற்றம் சொல்வது இயல்பு. ஆனால் நாலுக்கு நாலில் இது பாதிக்குப் பாதி வரும். உடைந்ததும் இல்லை, யாரும் கழற்றியதும் இல்லை.

இதற்குப் பெயர் பாரிட்டி. இங்கேதான் பெரிய கியூப் கற்பவர்கள் இரண்டு வழியாகப் பிரிகிறார்கள். பெரும்பாலானோர் ஒரு வீடியோவைப் போட்டு, 15 திருப்பங்கள் கொண்ட ஃபார்முலாவை உருப்போட்டு வேலையை முடிக்கிறார்கள். சிலர்தான் "ஏன் இப்படி ஆச்சு?" என்று உட்கார்ந்து யோசிக்கிறார்கள். முதல் வழி வேகமானது, தப்பும் இல்லை. ஆனால் பெரிய கியூபில் கற்பதற்கென்று இருக்கிற ஒரே ஒரு புது விஷயத்தை அந்த வழி தின்றுவிடுகிறது. இது கொஞ்சம் கடுமையான தீர்ப்புதான். காரணத்தையும் கேளுங்கள்.

முதலில் கியூப். ஹங்கேரியில் புடாபெஸ்டில் கட்டடக்கலை சொல்லிக்கொடுத்த எர்னோ ரூபிக் 1974-ல் மூன்றுக்கு மூன்றைச் செய்தார். 1980-ல் அது உலகச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே பீட்டர் செபெஸ்தேனி வடிவமைத்த நாலுக்கு நாலு வந்துவிட்டது. அதை விற்ற பெயர் 'ரூபிக்ஸ் ரிவெஞ்ச்', அதாவது ரூபிக்கின் பழிவாங்கல்! பெயர் வைத்தவர் அதைச் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும் :-)

மூன்றுக்கு மூன்றில் கண்ணுக்குத் தெரியும் துண்டுகள் 26. நாலுக்கு நாலில் 56. கலைக்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கையை எழுதினால் முன்னதற்கு 20 இலக்கம், பின்னதற்கு 46 இலக்கம். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சேர்க்கிறவர் யாரும் அத்தனை நிலைகளோடும் மல்லுக்கட்டுவதில்லை. நடுத்துண்டுகளை நிறம் நிறமாகச் சேர்ப்பது, விளிம்புத்துண்டுகளை ஜோடி ஜோடியாக இணைப்பது, பிறகு மொத்தத்தையும் ஒரு குண்டு மூன்றுக்கு மூன்றாக நினைத்துச் சேர்ப்பது. இவ்வளவுதான் வழி.

நடுத்துண்டு வேலைக்கு ஃபார்முலாவே தேவையில்லை, ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மூன்றுக்கு மூன்றில் நடுத்துண்டு நகராது, அதனால் எந்தப் பக்கம் எந்த நிறம் என்பதைக் கியூபே சொல்லிவிடும். நாலுக்கு நாலில் நடுவில் நிலையான துண்டு எதுவும் கிடையாது, 24 நடுத்துண்டுகளும் ஊர் சுற்றும். ஆகவே நிற வரிசையைச் சேர்க்கிறவர்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வழக்கமான வரிசையில் வெள்ளைக்கு எதிரே மஞ்சள், நீலத்துக்கு எதிரே பச்சை, சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு. வெள்ளையை மேலேயும் பச்சையை முன்னேயும் பிடித்தால் சிவப்பு வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். சிவப்பையும் ஆரஞ்சையும் இடம் மாற்றிக் கட்டிவிட்டு, ஜோடியெல்லாம் சேர்த்து முடித்த பிறகு மூலைகள் பொருந்தவில்லையே என்று தலையில் கை வைத்தவர்கள் எண்ணிக்கையில் அடங்க மாட்டார்கள். சந்தேகம் வந்தால் ஒரு மூலைத்துண்டைப் பாருங்கள். அதில் இருக்கும் மூன்று நிறங்களின் வரிசை ஒருபோதும் மாறாது.

விளிம்புகளை ஜோடி சேர்க்கும்போதுதான் கையாலேயே யோசிக்கப் பழகுவது. ஒரு உள் அடுக்கை நகர்த்து, ஜோடி சேர்ந்ததை ஒதுக்கி வேறொன்றைக் கொண்டுவந்து வை, உள் அடுக்கைத் திரும்பக் கொண்டுவா. முதல் நாள் ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். ரூபிக்குக்கே தான் செய்த கியூபைச் சேர்க்க ஒரு மாதம் போல ஆனது. அவருக்கு யாரும் ஃபார்முலா கொடுக்கவில்லை.

இனி அந்தத் திரும்பி நிற்கும் விளிம்பு. நாலுக்கு நாலில் ஒரு விளிம்பு என்பது இரண்டு துண்டுகள். தனித் துண்டு ஒன்று தன் இடத்தில் இருந்துகொண்டே தலைகீழாகத் திரும்பவே முடியாது, அதன் அமைப்பு அப்படி. அப்படியானால் திரும்பி நிற்கிறதே, அது என்ன? திரும்பவில்லை. இரண்டு துண்டுகளும் ஒன்றுக்கொன்று இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. பார்க்கத்தான் ஒரே விளிம்பு கவிழ்ந்த மாதிரி இருக்கும். இந்த ஒரு வரி புரிந்தால் மிச்சம் தானாக வரும்.

நாலு பேர் நாலு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரு இடம் தள்ளி உட்கார வேண்டும். இரண்டிரண்டு பேராக மட்டும்தான் இடம் மாறலாம் என்றால் எத்தனை தடவை மாற வேண்டும்? மூன்று. ஒற்றைப்படை. நாலுக்கு நாலில் ஓர் உள் அடுக்கைக் கால் வட்டம் திருப்பினால் சரியாக நாலு விளிம்புத்துண்டுகள் ஒரு இடம் தள்ளிப் போகின்றன, அதாவது ஒற்றைப்படை இடமாற்றம். வெளிப் பக்கத்தைத் திருப்பினால் எட்டு விளிம்புத்துண்டுகள் நாலு நாலாகத் தள்ளும், மொத்தம் ஆறு, இரட்டைப்படை. ஆக, விளிம்புக் கணக்கை ஒற்றையாக்க உள் அடுக்கால் மட்டும்தான் முடியும். கலைத்தவர் உள் அடுக்கை ஒற்றைப்படை தடவை கால் வட்டம் திருப்பியிருந்து, சேர்ப்பவர் இரட்டைப்படை தடவை திருப்பியிருந்தால், கடைசியில் ஒரே ஒரு இடமாற்றம் பாக்கி நிற்கும். அதுதான் அந்த விளிம்பு.

மூன்றுக்கு மூன்றில் இது ஏன் வராது? அங்கே கால் வட்டத்துக்கு நாலு மூலையும் நாலு விளிம்பும் சேர்ந்தே நகரும். ஒன்றின் கணக்கு ஒற்றையானால் மற்றதும் ஒற்றையாகும். மூலையெல்லாம் சரியாக இருந்து விளிம்பில் மட்டும் இரண்டு இடம் மாறி நிற்க வழியில்லை. விளிம்பு தனித்துக் கவிழாமல் இருப்பதற்கு இதே மாதிரி வேறொரு கணக்கு.

கியூபுக்கு முன்பே இருந்த கணக்கு இது. 1880 வாக்கில் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய 15 எண் சதுரப் புதிரில், 14-ஐயும் 15-ஐயும் மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டுச் சரிசெய்யச் சொன்னார்கள். முடியவே முடியாது என்று ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879-லேயே கணித இதழில் நிரூபித்திருந்தார்கள். காரணம் இதே ஒற்றை இரட்டைதான்.

இப்போது அந்த 15 திருப்ப ஃபார்முலாவுக்கு வரலாம். பரவலாகச் சொல்லிக்கொடுக்கப்படும் வடிவத்தை எடுத்துக்கொண்டு, உள் அடுக்குகளின் கால் வட்டத் திருப்பங்களை மட்டும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 5 வரும். ஒற்றைப்படை! மற்றவை எல்லாம் அரை வட்டங்கள், கலைந்ததைப் பழையபடி ஒழுங்குபடுத்த வந்தவை. மந்திரம் ஒன்றும் இல்லை. இது புரிந்தவருக்கு ஃபார்முலா மறந்துபோனாலும் கவலை கிடையாது. ஒரு உள் அடுக்கைக் கால் வட்டம் திருப்பி அப்படியே விட்டுவிட்டு, நடுத்துண்டுகளையும் ஜோடிகளையும் திரும்பச் சேர்க்கலாம். உள் அடுக்கை நகர்த்துவதும் திருப்பிக் கொண்டுவருவதும் சமமாக இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், பாரிட்டி போய்விடும். ஐந்தாறு நிமிடம் கூடுதலாகும். ஆனால் செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போய் வந்த பிறகும் அவருடைய கியூப் மேஜை மேல்தான் இருக்கும். உருப்போட்டவர் 9-வது திருப்பத்தில் தடுமாறினால் அவருக்கு மொத்த கியூபும் போச்சு, திரும்ப முதலில் இருந்து.

இன்னொரு வகையும் இருக்கிறது. எதிரெதிரே இருக்கும் இரண்டு விளிம்பு ஜோடிகள் முழுசாக இடம் மாறி நிற்கும். இதற்கான ஃபார்முலாவில் உள்ளவை எல்லாம் அரை வட்டங்கள்தான். ஜோடிக்கு ஜோடி மாறுவது துண்டுக் கணக்கில் இரண்டு இடமாற்றம், இரட்டைப்படை, ஆகவே கால் வட்டத்துக்கு அங்கே வேலை இல்லை. முதல் வகை புரிந்தவருக்கு இதைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு வரும்.

வேகத்துக்காகச் சேர்ப்பவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். போட்டியில் உட்கார்ந்து ஒற்றை இரட்டை எண்ணிக்கொண்டிருக்க முடியுமா என்பார்கள். நியாயம். நாலுக்கு நாலை 20 விநாடிக்குள் சேர்க்கிறவர்களுக்கு விரலில் ஏறிய ஃபார்முலா இல்லாமல் கதி இல்லை. ஆனால் விடுதி அறையில் சேர்க்கிறவர் யாரோடு போட்டி போடுகிறார்? அவசரம் இல்லாத இடத்தில் அவசரக்காரர்களின் குறுக்கு வழியை மட்டும் எடுத்துக்கொள்வது, பரீட்சையே இல்லாத பாடத்துக்குக் கைடு வாங்கிப் படிப்பது மாதிரி. புரிந்த பிறகு ஃபார்முலாவையும் தாராளமாகக் கற்றுக்கொள்ளட்டும்.

நாலுக்கு நாலு முடித்ததும் எல்லாரும் கேட்பது ஐந்துக்கு ஐந்து இன்னும் கஷ்டமா என்பது. 98 துண்டு, நேரம் நிறையப் பிடிக்கும். கஷ்டம் என்னவோ குறைவுதான். நடுவில் நிலையான துண்டு திரும்ப வந்துவிடுவதால் நிற வரிசைக் குழப்பம் கிடையாது. ஒவ்வொரு விளிம்பின் நடுவிலும் ஒரு துண்டு இருக்கிறது. அது மூலைகளோடு சேர்ந்து மூன்றுக்கு மூன்றின் சட்டப்படியே நடக்கும், ஆகவே அந்த இரண்டாவது வகை இங்கே வராது. முதல் வகை வரும், ஆனால் ஜோடி சேர்க்கும்போதே கடைசி விளிம்பில் பளிச்சென்று தெரிந்துவிடும். நடுத்துண்டு சரியாக நிற்கும், இரண்டு ஓரமும் மாறி நிற்கும். நாலுக்கு நாலில் மறைந்து நின்றது இங்கே வெளியே தெரிகிறது.

கிரேக்கத்தின் பனயோடிஸ் வெர்டெஸ் வடிவமைத்து 2008-ல் விற்பனைக்கு வந்த ஆறுக்கு ஆறு, ஏழுக்கு ஏழு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 152 துண்டு, 218 துண்டு. காசும் பொறுமையும்தான் கூடுதலாக வேண்டும், புதிதாகக் கற்பதற்கு அநேகமாக ஒன்றும் இல்லை. அலமாரிக்குள் ஒரு நாலுக்கு நாலு ஒற்றை விளிம்போடு தூங்கிக்கொண்டிருந்தால், முதலில் அதை எடுத்து உள் அடுக்கை ஒரு கால் வட்டம் திருப்புங்கள்.