வெண்கலக் கூலிகள்

பழைய கட்டிடங்களைப் பேணுதல் பண்பாட்டின் அடையாளம் என்பர். நாம் அதை மறுக்கவில்லை. ஆனால், எதைப் பேணுகிறோம், எதை அகற்றிவிட்டுப் பேணுகிறோம் என்ற வினாவை எழுப்பாமல் ‘பாரம்பரியம்’ என்னும் சொல்லுக்குத் தலைவணங்குவது, வரலாற்றைச் செல்வரின் கண்கொண்டு பார்ப்பதாகவே முடியும். இதற்குத் தக்க சான்று சிங்கப்பூர் ஆற்றங்கரை.

இன்று அங்கு செல்வோர் காண்பது கண்கவர் காட்சி. 1928இல் கட்டிமுடிக்கப்பட்டு, பொதுத் தபாற் கந்தோர் இயங்கிவந்த புல்லர்ட்டன் கட்டிடம் 2001 முதல் ஆடம்பர ஹோட்டலாக விளங்குகிறது. அரசாங்கக் காரியாலயமாக இருந்த எம்பிரஸ் பிளேஸ் கட்டிடம் ஆசிய நாகரிகங்களின் அரும்பொருட்சாலையாகிவிட்டது. பழைய பாராளுமன்றம் கலைகளுக்கான இல்லமாயிற்று. போட் கீ, கிளார்க் கீ என்னும் படகுத்துறைகளில், ஒருகாலத்தில் மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்த பண்டகசாலைகள் உணவகங்களாகவும் மதுச்சாலைகளாகவும் ஒளிர்கின்றன.

இந்த மாற்றத்தின் தொடக்கம் 1977. ஆற்றைத் தூய்மையாக்கப் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டுத் தவணை விதித்தார். 1987இல் அப்பணி நிறைவெய்தியது. சிங்கப்பூர் ஆறும் காலாங் வடிநிலமும் சேர்ந்த பகுதியிலிருந்து ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் குடிபெயர்க்கப்பட்டன. ஏறத்தாழ 800 சரக்குத் தோணிகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன.

துர்நாற்றத்திற்காக ஏங்கும் கற்பனாவாதிகள் அல்லர் நாம். சாக்கடையாகிவிட்ட ஆற்றின் கரையில் நோயுடன் வாழ்ந்தவர்கள் ஏழைகளே. குழாய்நீரும் மின்விளக்கும் உள்ள வீடு அவர்களுக்குக் கிடைத்தது நன்மையே. கொள்கலக் கப்பல்கள் வந்தபின் தோணித் தொழில் எப்படியும் நலிந்திருக்கும் என்பாரும் உளர். இருக்கலாம். ஆனால் ஒரு தொழில் அழிவது வேறு. அத்தொழிலைச் செய்தோரின் வரலாறு அலங்காரப் பொருளாவது வேறு. ஆறு தூய்மையான பின்னர் அதன் கரைக்கு அழைக்கப்பட்டவர்கள் யார்? ஒருவேளை உணவுக்கு ஒரு தொழிலாளியின் நாட்கூலியைக் கொடுக்கக்கூடியவர்கள் அன்றோ!

உழைப்பாளி அங்கே முற்றாக மறக்கப்பட்டான் என்று சொல்லமுடியாது. அவனுக்குச் சிலை இருக்கிறது. ஸ்கொட்லாந்து வணிகர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரனும் சீன, மலாய்ப் பிரமுகர்களும் உரையாடி நிற்க, அருகே மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றும் கூலிகள் வெண்கலத்தில் வார்க்கப்பட்டுள்ளனர். ஆற்றில் குதிக்கும் ஏழைச் சிறுவர்களும் வெண்கலமாகிவிட்டனர். வெண்கலக் கூலி வியர்ப்பதில்லை; சம்பள உயர்வு கேட்பதில்லை; வேலைநிறுத்தம் செய்வதில்லை. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் உல்லாசப் பயணிக்கு இத்தகைய கூலியே உகந்தவன்.

இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரில் கல்லுடைத்தும் சாலை அமைத்தும் உழைத்தனர். 1864க்கும் 1867க்கும் இடையில் எம்பிரஸ் பிளேஸ் கட்டிடம் எழுந்ததும் கைதிகளின் கரங்களாலேயே. தொடக்ககாலத்தில் இவ்வாற்றின் தோணித் தொழிலில் முன்னின்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள். அதாவது, தமிழ்பேசும் மக்கள். இவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? இறங்குதுறையிலே றாபிள்சின் வெண்ணிறச் சிலை 1972 முதல் கைகட்டி நிற்கிறது. 2019இல், 200ஆம் ஆண்டு நினைவையொட்டி, அதன் அருகே வேறு நால்வரின் சிலைகள் சிறிது காலம் வைக்கப்பட்டன. அவர்களுள் செங்கற்சூளை நிறுவிய நாராயண பிள்ளையும் ஒருவர். தமிழருக்கும் இடம் கிடைத்ததென்று மகிழ்ந்தோர் பலர். ஆனால் அச்சூளைக்கு மண் மிதித்தவன் எங்கே? முதலாளி நம் இனத்தவனாக இருந்துவிட்டால் தொழிலாளியின் வரலாறு எழுதப்பட்டதாகிவிடுமா?

இது பழங்கதை என்று எவரும் தள்ளிவிடவேண்டாம். அந்நகரின் வானளாவிய கட்டிடங்களை எழுப்புவோரும் கடல்கடந்து வந்த தொழிலாளரே. தமிழரும் வங்காளரும் அவர்களுள் அடங்குவர். 2020இல் கொள்ளைநோய் பரவியபோது, 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் தங்கள் விடுதிகளுக்குள்ளே அடைத்துவைக்கப்பட்டனர். நெருக்கமான அவ்வறைகளை நகரம் அப்பொழுதுதான் கண்விழித்துப் பார்த்தது. இவர்களுக்கும் என்றோ ஒருநாள் ஆற்றங்கரையில் வெண்கலச் சிலை எழக்கூடும். உயிரோடு இருக்கும்போது காற்றோட்டமுள்ள அறையையும் நியாயமான கூலியையும் கொடுப்பதைக் காட்டிலும் அது மலிவானதல்லவா?

கட்டிடங்கள் நிற்கட்டும், ஆறும் தெளிந்து ஓடட்டும். ஆனால் அவற்றை எழுப்பியவர்களின் உழைப்பு, கட்டிடக் கலைஞரின் பெயருக்கு மேலாக வாயிலில் பொறிக்கப்படவேண்டும். இன்று கட்டுபவனுக்கு அக்கரையில் அமர்ந்து இளைப்பாறும் உரிமையும் வருவாயும் வேண்டும். வகுப்பறையில் இத்தகைய நகரங்களின் எழிற்படங்களைக் காட்டும் ஆசிரியர்கள், “இது எவ்வளவு அழகு!” என்று வியப்பதோடு நின்றுவிடலாகாது. “இந்த மூட்டையைச் சுமந்தவன் யார்? அவன் பேரன் இன்று எங்கே இருக்கிறான்?” என்று மாணவரைக் கேட்கச் செய்யவேண்டும். வரலாற்றுக் கல்வி அவ்வினாவில்தான் தொடங்குகிறது.