புரோட்டானுக்கும் உண்டு பற்று வரவு

"புரோட்டானைப் புதிதாக உண்டாக்க முடியுமாப்பா?" என்றான் மகன். பி.காம். படித்த தைரியத்தில், "உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். தப்பு.

1955-லேயே கலிஃபோர்னியாவின் பெர்க்கிலியில், பெவட்ரான் என்ற முடுக்கியில் 620 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் புரோட்டான்களைச் செம்பின்மேல் மோதவிட்டார்கள். மோதிய ஆற்றலே புது புரோட்டானும் எதிர்ப்புரோட்டானுமாகப் பிறந்தது. புரோட்டானை மட்டும் தனியாக வரவு வைக்க முடியாது; ஈடாக ஒரு எதிர்த்துகளைப் பற்று எழுதியாக வேண்டும். இரண்டும் சந்தித்தால் இரண்டுமே அழிந்து வேறு துகள்களாகிவிடும். கணக்கு நேர்!

தாத்தா, சித்தப்பா யாரும் பக்கத்தில் இல்லாமல் புனேயில் வளரும் பிள்ளைக்கு நாம் சொல்வதுதான் வேதவாக்கு. தெரியாததை "முடியாது" என்று மூடுவதைவிட, "தெரியாதுப்பா, பார்த்துச் சொல்றேன்" என்பதே மரியாதை. நேற்று ராத்திரி திருத்திச் சொன்னேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?