ஒரு வாய் போதும்

நுழையும்முன்

திருவிழா என்றால் மகிழாத சிறுவர் இலர். ஆனால் உணவுத் திருவிழா என்றவுடன் சிலருக்குத் தயக்கம் பிறக்கிறது. பழகாத உணவைக் கண்டு முகம் சுளிப்போரும் உளர். அவர்களை வற்புறுத்தி உண்ணச் செய்வோரும் உளர். இவ்விருவரைப் பற்றியும் இக்கட்டுரை ஒரு கருத்தை முன்வைக்கிறது. படித்து, நீங்கள் உடன்படுகிறீர்களா என எண்ணிப் பாருங்கள்.

இராட்டினத்தில் ஏறவும் நீரில் விளையாடவும் மட்டுமே மக்கள் கேளிக்கைப் பூங்காக்களுக்குச் சென்ற காலம் ஒன்று உண்டு. இன்று உணவும் அங்கே ஒரு காட்சியாகிவிட்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1982-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எப்காட் என்னும் பூங்காவில், ஒரு செயற்கை ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள் அமைந்துள்ளன. ஆண்டுதோறும் அங்கே பல வாரங்கள் உணவுத் திருவிழா நடைபெறுகிறது. ஏரியை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடக்கவேண்டும். அதற்குள் பல நாட்டு உணவுகளைச் சிறு சிறு தட்டுகளில் சுவைத்துவிடலாம்.

அவ்வளவு தொலைவு செல்லாமலே அதனை ஒத்த இன்பத்தை நம் நாட்டிலும் பெறலாம். அரியானா மாநிலத்தின் பரீதாபாத் நகரில் 1987 முதல் நடைபெற்றுவரும் சூரஜ்குண்டு திருவிழா, கைவினைப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாநிலமோ சில மாநிலங்களோ அங்கே சிறப்பிடம் பெறும். இராட்டினங்களும் நாட்டுப்புற ஆடல்களும் ஒருபுறம். பல மாநில உணவுக் கடைகள் மறுபுறம். தில்லியில் 1994-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தில்லி ஹாட் அங்காடியிலும் பல மாநில உணவுகள் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன.

இத்தகைய இடங்களில் சற்றே நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாமல் தென்படும். தந்தை தட்டை ஏந்தி நிற்பார். "ஒரே ஒரு வாய் வாங்கிக்கொள், கண்ணா" என்று தாய் கெஞ்சுவார். குழந்தை உதட்டை இறுக மூடிக்கொள்ளும். "இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியிருக்கிறோமே!" என்று தந்தையின் குரல் உயரும். குழந்தையோ, "சீ! இதை யார் தின்பார்கள்?" என்று சொல்லிவிடும். தட்டை நீட்டிய கடைக்காரரின் முகம் வாடிப்போகும். மகிழ வந்த நாள் மனக்கசப்பில் முடியும்.

இதில் பிழை யாருடையது? இருவருடையதும் என்பதே என் கருத்து. உண்ண மறுக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு. பிறருடைய உணவை இகழும் உரிமை எவருக்கும் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் சிறந்த பள்ளியாக உணவுத் திருவிழா அமையக்கூடும்.

நாக்கு ஏன் மறுக்கிறது?

புதிய உணவை மறுப்பது பிடிவாதம் என்றே பெரியவர்கள் பலர் எண்ணுகின்றனர். அஃது முழு உண்மை அன்று. இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடம் பழகாத உணவின்மீது அச்சம் மிகுந்திருப்பது இயல்பு. காட்டில் கண்ட காயையும் இலையையும் தின்றுவிடாதபடி ஆதிகாலக் குழந்தைகளை இவ்வச்சமே காத்திருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். மேலும், கசப்புச் சுவையைச் சிறுவர்களின் நாக்கு பெரியவர்களின் நாக்கைவிடக் கூர்மையாக உணர்கிறது. பாகற்காயைத் தாத்தா விரும்பி உண்பதும் பேரன் ஒதுக்கிவைப்பதும் இதனால்தான்.

இவ்வச்சம் நிலையானதும் அன்று. ஒரே உணவைப் பத்து, பதினைந்து முறை சிறிது சிறிதாகச் சுவைத்த பிறகு, முன்பு மறுத்த குழந்தைகளே அதை ஏற்றுக்கொள்வதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஆகவே, முதல் முறை சொல்லும் "வேண்டாம்" என்பதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளத் தேவையில்லை. திருவிழாவில் உண்ணும் ஒரு வாய் அப்பதினைந்தில் ஒன்றாகட்டும். மீதியை நாளடைவில் பார்த்துக்கொள்ளலாம்.

வற்புறுத்தினால் வயிறு நிறையுமா?

அமெரிக்க உணவியல் வல்லுநரான எலின் சாட்டர் பெற்றோருக்கு ஓர் எளிய நெறியை வகுத்தார். எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யவேண்டும். உண்பதா, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை முடிவு செய்யவேண்டும். இந்நெறி திருவிழாவுக்கு மிகவும் பொருந்தும். எந்தக் கடை என்பதைப் பெரியவர்கள் காட்டட்டும். எத்தனை வாய் என்பதைச் சிறுவர்கள் சொல்லட்டும்.

"அப்படியானால் உணவு வீணாகுமே" என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வியே. உணவை வீணாக்குவது எவ்வகையிலும் தகாது. அதற்கு விடை வற்புறுத்தலில் இல்லை, பகிர்வில் இருக்கிறது. நால்வர் செல்லும் குடும்பம் ஒரு நேரத்தில் ஒரு தட்டு மட்டும் வாங்கி நால்வரும் பகிர்ந்து உண்ணலாம். பிடித்திருந்தால் இன்னொன்று வாங்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குச் செல்லலாம். அரியானாவின் கோகானா நகரத்து ஜலேபி ஒன்றின் எடையே ஏறத்தாழ 250 கிராம். அதைத் தனியொருவராக உண்ண முயல்வதினும் ஒரு குடும்பமே கூடிப் பிய்த்து உண்பதுதான் இன்பம்.

பசியும் முக்கியமானது. முன் உண்டது செரித்தபின் உண்க என்பதைத் திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம் வலியுறுத்துகிறது. நுழைவாயிலிலேயே குளிர்பானமும் பொரித்த சிப்சும் வாங்கித் தின்ற குழந்தையிடம் புதிய உணவை நீட்டிப் பயனில்லை. நிலக்கடலை போன்றவை ஒவ்வாத சிறுவர்களும் இருப்பர்; புலால் உண்ணாத குடும்பங்களும் இருக்கும். ஆதலால் உணவில் என்னென்ன சேர்ந்துள்ளன என்று கடைக்காரரிடம் கேட்ட பின்னரே சுவைக்கவேண்டும். இவ்வாறு கேட்பது இகழ்ச்சி ஆகாது.

உண்ணாத குழந்தையும் திருவிழாவை நுகர வழி உண்டு. எப்காட் பூங்காவில், சமைக்கத் தெரிந்த ரெமி என்னும் எலியின் சிலைகளைத் தேடிக் கண்டுபிடித்து, வரைபடத்தில் ஒட்டுப்படம் ஒட்டும் விளையாட்டு சிறுவர்களுக்காக நடத்தப்பட்டிருக்கிறது. நீங்களும் ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துச் செல்லலாம். உணவின் பெயர், மாநிலம், நிறம், மணம் ஆகியவற்றை உங்கள் தம்பியோ தங்கையோ எழுதிவரட்டும். நாவால் அறியாததைக் கண்ணாலும் மூக்காலும் அறியட்டும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

புதிய உணவு அச்சுறுத்துவது, அது முற்றிலும் அயலானது என்று எண்ணுவதால். உற்றுப் பார்த்தால் பல உணவுகள் நம் வீட்டு உணவின் உறவினராகவே இருக்கும்.

மோமோவைப் பாருங்கள். நாம் அரிசி மாவில் செய்யும் கொழுக்கட்டையைப் போலவே மைதா மாவில் பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கிறார்கள். பீகார் மாநிலத்து லிட்டியின் உள்ளே இருப்பது வறுத்த கடலை மாவு. அதனுடன் தரும் சோக்காவில் சுட்ட கத்தரிக்காயைப் பிசைந்து சேர்த்திருப்பார்கள். நம் ஊர்ச் சுட்ட கத்தரிக்காய்த் துவையலை அது நினைவூட்டும். வடநாட்டுக் 'கடி'யின் பெயரைக் கேட்டு அஞ்சவேண்டா. அது மோர்க்குழம்பின் உடன்பிறப்பு. அரியானாவின் கம்புக் கிச்சடி, நம் முன்னோர் உண்ட கம்பஞ்சோற்றுக்கு உறவு. ஒடிசா மக்கள் நீரில் ஊறவைத்து உண்ணும் 'பகால', நம் பழைய சோறேதான். அவர்கள் மார்ச் 20-ஆம் நாளைப் பகால நாளாகவே கொண்டாடுகின்றனர். நம்மில் சிலர் பிறர் அறிய உண்ணக் கூசும் பழைய சோற்றுக்கு அங்கே ஒரு விழா!

"எங்களுக்கு எங்கள் உணவே போதும்" என்பாரும் உளர். அவர்களிடம் மிளகாயின் வரலாற்றைச் சொல்லவேண்டும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. அதற்குமுன் நம் சமையலுக்குக் காரம் தந்தது மிளகு. வந்த புதுக்காய்க்கு மிளகின் பெயரையே சேர்த்து மிளகாய் என்று பெயரிட்டனர் நம் முன்னோர். தக்காளியும் உருளைக்கிழங்கும் அவ்வாறு கடல் கடந்து வந்தவையே. யாரோ ஒருவர் தயங்கித் தயங்கி முதல் வாய் உண்டிராவிட்டால், இன்று நம் வீட்டில் தக்காளி இரசம் இல்லை.

'சீ' என்னும் ஒரு சொல்

அனிச்ச மலர் முகர்ந்தால் வாடும். விருந்தினரோ நாம் முகம் மாறி நோக்கினாலே வாடுவர் என்கிறார் வள்ளுவர். விருந்தளிப்பவரும் அவ்வாறே வாடுவார் என்பது என் எண்ணம். தொலைவிலுள்ள மாநிலத்திலிருந்து வந்து, அடுப்பின் முன் நாள் முழுதும் நின்று சமைப்பவருக்கு அவ்வுணவு வெறும் விற்பனைப் பொருள் அன்று. அவர் தாயிடம் கற்றதாக இருக்கலாம். அவர் ஊரின் பெருமையாக இருக்கலாம்.

இதனை மற்ற எவரையும்விட நீங்கள் நன்கு அறிவீர்கள். தமிழகத்துக்கு வெளியே வாழும் உங்களில் பலர், எள்ளுப்பொடி தடவிய இட்டலியையோ புளியோதரையையோ பள்ளிக்குக் கொண்டு செல்கிறீர்கள். பெட்டியைத் திறந்ததும், "இது என்ன நாற்றம்?" என்று யாரேனும் மூக்கைப் பொத்தியிருக்கலாம். அதற்கு அஞ்சி, "நாளை முதல் சப்பாத்தியே கொடுங்கள், அம்மா" என்று வீட்டில் சொல்லும் சிறுவர்கள் உண்டு. இட்டலி பிடிக்காமற் போனதால் அவர்கள் அவ்வாறு சொல்வதில்லை. ஒரு சொல் தைத்ததால் சொல்கிறார்கள். அச்சொல்லின் வலியை அறிந்தவர்கள், அதே சொல்லை இன்னொருவர் தட்டின்மீது வீசலாமா?

மறுப்பதற்கும் நல்ல சொற்கள் நம்மிடம் உள்ளன. "நன்றி, எனக்கு இப்போது வேண்டாம்" என்று சொல்லலாம். "இதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்கலாம். சுவைத்தபின் பிடிக்காவிட்டால், "எனக்கு இன்னும் பழகவில்லை" எனலாம். "நன்றாக இல்லை" என்பது உணவின்மீது பழி சுமத்துகிறது. "பழகவில்லை" என்பது நம் நாவின் நிலையை மட்டும் உரைக்கிறது.

அடுத்த விடுமுறையில் உங்கள் ஊரில் உணவுத் திருவிழா நடந்தால் குடும்பத்தோடு செல்லுங்கள். ஒருவர் ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தட்டைப் பகிருங்கள். ஒரு வாய் உண்ணுங்கள். அதுவும் இயலாவிட்டால் புன்னகையோடு மறுத்துவிடுங்கள். மறுநாள் பள்ளியில் உங்கள் உணவுப் பெட்டியைத் திறக்கும்போது, அருகில் இருக்கும் தோழருக்கு ஒரு துண்டு இட்டலியை நீட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தவேண்டா. இன்னொரு நாள் மீண்டும் நீட்டுங்கள்.

சிந்தித்து எழுதுக

1. "நன்றாக இல்லை", "பழகவில்லை" என்னும் இரு தொடர்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டுரையாசிரியர் எவ்வாறு விளக்குகிறார்?
2. உணவை வீணாக்காமல் இருக்கக் கட்டுரை கூறும் வழி யாது? நீங்கள் வேறு வழி ஒன்றைக் கூறுக.
3. நீங்கள் வாழும் மாநிலத்தின் உணவு ஒன்றை, நம் வீட்டு உணவு ஒன்றோடு ஒப்பிட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.
4. "உண்ண மறுக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு." இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ வகுப்பில் பேசுக.