காலங்கடந்த பதக்கம்



சென்ற வாரம் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு விவாதம். "52 ஆண்டுகள் கழித்து ஒரு கிழவருக்கு வீரப் பதக்கம் கொடுத்து என்ன பயன்? பந்தி முடிந்தபின் இலை போட்டது போலத்தான்!" என்றார் நண்பர் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அறைக்குத் திரும்பிய பிறகு, அந்தச் சிரிப்பு தவறென்றே எனக்குப் பட்டது.

நண்பர் குறிப்பிட்ட கிழவர் வெர்னன் பேக்கர் என்னும் அமெரிக்கக் கறுப்பினத்தவர். 1941இல் படையில் சேரப் போனவரை, "உங்களவர்க்கு இடமில்லை" என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். அவரோ மறுபடியும் போய்ச் சேர்ந்தார். 1945 ஏப்ரல் 5ஆம் நாள், இத்தாலியில் வியாரெஜ்ஜோ நகருக்கருகே ஜெர்மானியர் வசமிருந்த ஒரு மலைக்கோட்டையை நோக்கித் தம் 25 வீரருடன் முன்னேறினார். எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலைகளையும் பதுங்கு குழிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அழித்தார். உதவிப் படை கொண்டுவருவதாகச் சொல்லிச் சென்ற மேலதிகாரி திரும்பவில்லை, உதவியும் வரவில்லை. 25 பேரில் 19 பேரை இழந்தார் பேக்கர். அப்படியிருந்தும் மறுநாள் இரவு, கண்ணிவெடி நிலத்தின் ஊடே நடந்த அடுத்த முன்னேற்றத்துக்கும் அவரே முன்னின்றார்.

அவருக்குக் கிடைத்தது இரண்டாம் நிலைப் பதக்கம். மிக உயர்ந்த 'மெடல் ஆஃப் ஆனர்' கிட்டவில்லை. அவருக்கு மட்டுமா? அந்தப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் பணியாற்றினர். அப்போருக்காக 400க்கும் மேற்பட்டோர் அப்பதக்கம் பெற்றனர். அவர்களுள் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை!

1993இல் இராணுவமே ஓர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. நிறவேற்றுமை வெளிப்பட்டது. பரிந்துரைக்கான காலவரையறை முடிந்துவிட்டதால், அதைத் தளர்த்தத் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 1997 ஜனவரி 13 அன்று ஏழு பேருக்குப் பதக்கம் வழங்கினார் குடியரசுத் தலைவர் கிளிண்டன். நேரில் பெற்றவர் 77 வயதுப் பேக்கர் ஒருவரே. நால்வர் போரிலேயே மாண்டவர்கள். ஒருவர் 1963இலும், இன்னொருவர் 1980இலும் மறைந்துவிட்டனர்.

இதனால் என்ன பயன்? உரிய காலத்தில் தரும் பதக்கம் வீரனின் பெருமையைச் சொல்லும். காலங்கடந்து தரும் பதக்கம், தந்தவரின் பிழையையும் சேர்த்துச் சொல்லும். அந்த ஒப்புதல்தான் பயன். தாமதம் குற்றமே, அதைக் காட்டிக் கொடுக்காமலே விடுவது அதனினும் பெரிய குற்றம்.

அயலார் கதை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். விக்டோரியா சிலுவை 1856இல் தோன்றியது. இந்திய வீரர்க்கு அதைப் பெறும் உரிமை வந்தது 1911இல்தான். இடையே 55 ஆண்டுகளில் நம்மவர் நின்ற களங்கள் எத்தனை!

நம் விடுதி வாயிற்காவலரும் முன்னாள் படைவீரரே. இரண்டு ஆண்டுகளாக அவருடைய வணக்கத்தைப் பெற்றுக்கொண்டு உள்ளே போகிறேன். எந்தப் படையில் இருந்தீர்கள், எந்தக் களத்தைக் கண்டீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பதக்கம் தரும் அதிகாரம் நமக்கில்லை. கேட்டறியும் கடமை உண்டு. இன்று மாலை கேட்கப் போகிறேன். நீங்களும் வாருங்கள்.