பாடியை விடுங்க, லென்ஸைப் பாருங்க

"டாக்டர், ஃபிலிம் எஸ்எல்ஆர் கேமரா ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன். நிக்கான் பாடி நல்லதா, கேனான் பாடி நல்லதா?"

மருந்து மாத்திரை சந்தேகங்களுக்கு அடுத்து எனக்கு இன்பாக்ஸில் அதிகம் வருவது இந்தக் கேள்விதான். தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் இங்கே நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

கேள்வியே தலைகீழா இருக்கு நண்பர்களே.

டிஜிட்டலில் பாடிக்குள் சென்சார் இருக்கிறது. பாடி மாறினால் படமும் மாறும். ஃபிலிம் கேமராவின் பாடி என்பது வெளிச்சம் புகாத ஒரு பெட்டி. ஷட்டர் சரியான வேகத்தில் திறந்து மூடணும், ஃபிலிம் தட்டையா நிக்கணும். அவ்வளவுதான். ஒரே ஃபிலிமை எந்தப் பெட்டியில் போட்டாலும் அதே ஃபிலிம்தான். படத்தை மாற்றுவது முன்னால் இருக்கும் கண்ணாடி.

எனவே முதலில் லென்ஸை முடிவு பண்ணுங்க. அது மாட்டுகிற பாடியை அப்புறம் தேடலாம்.

"அப்போ எந்த லென்ஸ் ரொம்ப ஷார்ப்?"

இதுவும் தேவையில்லாத கவலைதான். நிக்கான், கேனான், பென்டாக்ஸ், மினோல்டா, ஒலிம்பஸ் எல்லோருடைய 50 எம்எம் லென்ஸையும் f/8இல் வைத்து 400 ஐஎஸ்ஓ ஃபிலிமில் எடுத்தால், எது எதுன்னு உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஃபிலிமின் மணல்மணலான கிரெய்னும் நம்ம கை நடுக்கமும் அந்த வித்தியாசத்தை முழுங்கிடும்.

வித்தியாசம் தெரிவது இரண்டு இடங்களில். ஒன்று, அப்பர்ச்சரை முழுசா திறந்து எடுக்கும்போது. இன்னொன்று, வெளிச்சம் எதிரே இருந்து அடிக்கும்போது. மெரினாவில் சூரியன் உதிக்கும் நேரம் கடலைப் பார்த்து ஒருவரை நிறுத்தி எடுத்துப் பாருங்க. கோட்டிங் சரியில்லாத லென்ஸில் கறுப்பெல்லாம் சாம்பலாகிப் படமே வெளுத்துவிடும். இந்த விஷயத்தில் பென்டாக்ஸ் எனக்குப் பிடித்த கம்பெனி. 1971இல் எஸ்எம்சி என்ற பல அடுக்கு கோட்டிங்கைக் கொண்டு வந்தார்கள். எம்42 திருகு மவுண்ட் டகுமார் லென்ஸ்கள் இன்றும் கையில் எடுத்தால் வைக்க மனசு வராது.

உடனே ஒருவர் கேட்பார்: "டாக்டர், டகுமார்ல கதிர்வீச்சு இருக்காமே?"

சில மாடல்களில், குறிப்பாக பிற்கால 50 எம்எம் f/1.4இல், தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. ஆனால் தோரியம் கண்ணாடிக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதால் பயப்பட ஒன்றுமில்லை. உடைக்காதீங்க, தேய்க்காதீங்க, கழற்றி கண்ணுக்கு நேரே பூதக்கண்ணாடி மாதிரி வச்சுக்காதீங்க. வயசாக ஆக அந்தக் கண்ணாடி மஞ்சளாகும். சில நாள் வெயில் காட்டினால் பெருமளவு தெளிந்துவிடும் (பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலைன்னா அந்த வைத்தியம் பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட வாங்க!).

நிக்கான் என்றால் காரணம் இருக்கு. எஃப் மவுண்ட் 1959இல் வந்தது, இத்தனை வருஷத்தில் அவர்கள் அதைக் கைவிடவில்லை. அதனால் லென்ஸ் தேர்வு அதிகம். 105 எம்எம் f/2.5 ஒன்று போதும் நான் நிக்கானை சிபாரிசு செய்ய. 1984இல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம் அந்த லென்ஸில் எடுத்ததுதான். ஒரே எச்சரிக்கை: 1977இல் ஏஐ முறை வருவதற்கு முந்தைய லென்ஸை எஃப்எம்2 மாதிரி பாடியில் திணித்தால் பாடி சேதமாகும்.

ஜெய்ஸ் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. கான்டாக்ஸ் பாடி வாங்கணும்னு அவசியமே இல்லை. அதே மவுண்ட்தான் யாஷிகாவுக்கும். பேட்டரி இல்லாமலேயே ஷட்டர் ஓடும் யாஷிகா எஃப்எக்ஸ்-3இல் ஜெய்ஸ் பிளானாரை மாட்டுங்க. பணத்தை எங்கே போடணுமோ அங்கே போட்ட மாதிரி இருக்கும்.

இன்னும் முடிவு பண்ண முடியாதவர்களுக்கு: மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையே உள்ள தூரம் கேனான் இஓஎஸ் ஃபிலிம் பாடிகளில் 44 மில்லிமீட்டர். நிக்கானில் 46.5, எம்42இல் 45.46. அதனால் ஒரு சின்ன வளையம் போட்டு இந்த லென்ஸ்களில் பெரும்பாலானவற்றை இஓஎஸ்ஸில் மாட்டலாம். அப்பர்ச்சரைக் கையால் மூடணும், அவ்வளவே. நிக்கான் பாடியில் இந்த வித்தை நடக்காது. கேனானின் சொந்தப் பழைய எஃப்டி லென்ஸே இஓஎஸ்ஸில் சரியாக உட்காராது, ஏனென்றால் அதன் தூரம் 42 தான்!

இனிமேல்தான் முக்கியமான இடம். இவை எல்லாம் நாற்பது ஐம்பது வயசுப் பொருட்கள். பெயர் பெற்ற நோயாளி லென்ஸை விட பெயரில்லாத ஆரோக்கியமான லென்ஸ் எவ்வளவோ மேல்.

கண்புரை பார்ப்பது போல டார்ச்சைப் பின்பக்கம் அடித்து முன்பக்கமாகப் பாருங்க. பால் போல மங்கலாகத் தெரிந்தால் ஹேஸ். சிலந்தி வலை போல இழை ஓடினால் பூஞ்சை. அது சுரக்கும் அமிலம் கோட்டிங்கை அரிக்கும், துடைத்தாலும் தழும்பு நிற்கும். அப்பர்ச்சர் இதழில் எண்ணெய் மினுங்கினால் அது மெதுவாக மூடும், படம் வெளுத்துவிடும். முன் கண்ணாடியில் ரெண்டு கீறல் இருந்தால் அதைப் பெரிசு பண்ணாதீங்க. பேரம் பேச உதவும்.

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. அது முளைக்க ஈரம் வேண்டும், நம்ம கடலோர ஊர்களில் அதற்குப் பஞ்சமே இல்லை. கேமராவோடு வரும் தோல் உறை பார்க்க அழகா இருக்கும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்க. ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்க.

டார்ச் அடித்து எடுத்த போட்டோ இருந்தால் கமெண்டில் போடுங்க, ஓபி முடிந்து வந்து பார்க்கிறேன்.