வெண்புள்ளிகள் உணர்த்தும் உண்மை



முப்பது வயதைத் தாண்டாத ஒரு பெண். இரண்டு, மூன்று முறை கரு கலைந்துவிட்டது. அடிக்கடி தலைவலி, சொன்னது மறந்துபோகிறது. திடீரென ஒரு நாள் கை மரத்து, பேச்சும் குழறுகிறது. கரு கலைந்ததற்கு அவள்மீது பழி, மறதிக்கு ஏச்சு என்பதுதானே பல இல்லங்களின் வழக்கம்? இவை அனைத்திற்கும் வேர் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதைச் சற்றே சிந்தியுங்கள்.

1983ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் விவரித்த இந்நோய்க்கு 'ஆன்டிபாஸ்போலிப்பிட்' நோய் என்று பெயர். கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் உடலின் சொந்தப் புரதங்களையே பகைத்துக்கொள்கின்றன. விளைவாக, இரத்தம் குழாய்களுக்குள்ளேயே உறைகிறது. கால் சிரையில் உறைந்தால் வீக்கம். நச்சுக்கொடி பாதிக்கப்பட்டால் கருச்சிதைவு. மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் பக்கவாதம்.

இத்தகையோரின் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்தால், இரத்தமின்றி மடிந்த பகுதிகள் திட்டுகளாகத் தெரியக்கூடும். சிலருக்குச் சிறுசிறு வெண்புள்ளிகள் மட்டுமே காணப்படும். ஆயினும், முதுமை, இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றிலும் அத்தகைய புள்ளிகள் தோன்றுவதுண்டு. நரம்புகளின் உறை சிதையும் 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்று தவறாகக் கருதப்பட்டோரும் உளர். படத்தில் ஒன்றுமே தெரியாத நோயாளிகளும் உண்டு. ஆகவே, படம் ஒரு சாட்சி, அதுவே தீர்ப்பாகிவிடாது.

நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை வேண்டும். அதுவும் ஒரு முறை போதாது. காய்ச்சல் போன்ற தொற்றுகளாலும் இவ்வெதிர்ப்பொருள்கள் தற்காலிகமாகத் தோன்றுவதால், குறைந்தது 12 வாரங்கள் கழித்து மீண்டும் பார்த்தே முடிவு செய்வர்.

இரத்தக்கட்டி ஏற்பட்டவர்களுக்கு வார்ஃபரின் போன்ற உறைவுத் தடுப்பு மருந்து நெடுங்காலம் தேவைப்படலாம். அதைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. வார்ஃபரின் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கும் என்பதால், குழந்தை பெற விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் தருவார்கள். அவ்வாறு சிகிச்சை பெற்றோரில் பெரும்பாலோர் குழந்தையைக் கையில் ஏந்தியுள்ளனர்.

கை மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால், ஒரு நொடியும் தாமதியாது மருத்துவமனைக்கு விரையுங்கள். 'இளவயதுக்காரிக்குப் பக்கவாதமா?' என்று ஐயுற்று நிற்காதீர்கள்.

மாமியார்களாக இருக்கும் தாய்மார்களே! கரு கலைந்து கலங்கி நிற்கும் மருமகளை இனி ஏசாதீர்கள். அவள் கைப்பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கலைந்த கருக்களையும் தீராத தலைவலியையும் ஒன்றுவிடாமல் எடுத்துரையுங்கள். நோயின் வேரைக் காட்டும் விளக்கு அதுவே.